நாலாவது டர்னில் முடிந்த ஆட்டங்களும் நாற்பது நிமிடம் நீண்ட ஆட்டங்களும்

கும்பகோணத்திலிருந்து

ஹார்த்ஸ்டோன், ரூனெட்டெரா, மேஜிக் அரீனா என்று போனில் ஆடும் கார்டு விளையாட்டுகளில் எதை ஆடுகிறவராக இருந்தாலும் சரி, புது எக்ஸ்பான்ஷன் (புதுக் கார்டுத் தொகுப்பு) வந்த வாரத்தில் ஆடிய ஒரு ஆட்டமாவது உங்கள் மனதில் தங்கியிருக்கும். வேகமாக அடித்து முடிக்கும் அக்ரோ டெக்கிடம் (டெக் என்றால் ஆடுகிறவர் கட்டிவைத்திருக்கும் கார்டுக் கட்டு) மூச்சு விடுவதற்குள் தோற்றது, அல்லது எல்லாவற்றையும் தடுத்து மெதுவாக ஜெயிக்கும் கண்ட்ரோல் டெக்கிடம் மாட்டிக்கொண்டு முடியவே முடியாமல் இழுத்தது. அதைத்தான் கேட்கிறேன். டெக் பட்டியல் வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள். முதலில் என்னுடையது.

2016 டிசம்பரில் ஹார்த்ஸ்டோனில் மீன் ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் கேட்ஜெட்ஸான் வந்தது. அந்த வருடம் காவிரியும் வரவில்லை, மழையும் இல்லை. வீட்டில் எந்நேரமும் கருகும் சம்பாவைப் பற்றித்தான் பேச்சு. நான் தஞ்சாவூரில் கல்லூரிக்கு ரயிலில் போய்வந்துகொண்டிருந்தேன். பாபநாசத்தில் ஏறும் நண்பன் எதிர் சீட்டில் வந்து உட்காருவான். ஜியோ சிம்மில் டேட்டா இலவசமாகக் கிடைத்த மாதங்கள் அவை. தஞ்சாவூர் வருவதற்குள் இரண்டு மூன்று ஆட்டம் ஓடிவிடும். அவனிடம் வேகமான பைரேட் வாரியர், என்னிடம் மெதுவான ரெனோ வார்லாக் (வாரியர், வார்லாக் எல்லாம் ஆடுகிறவர் தேர்ந்தெடுக்கும் வகுப்புகள்).

அந்த எக்ஸ்பான்ஷனை ஆடாதவர்களுக்காகச் சொல்கிறேன். பேட்சஸ் என்று ஒரு கார்டு. நீங்கள் ஏதாவது ஒரு பைரேட்டை இறக்கினால் போதும், இது டெக்கிலிருந்து தானாகவே மேசைக்கு வந்து, வந்த கையோடு அடிக்கும். மனா (கார்டு இறக்கக் கொடுக்கும் விலை, டர்னுக்கு ஒன்றாகக் கூடிக்கொண்டே வரும்) செலவு இல்லை, கைக்கு வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கூடவே ஒரு மனாவுக்கு ஸ்மால் டைம் பக்கனீர். கையில் ஆயுதம் இருந்தால் அது 3 அடிக்கும். முதல் டர்னிலேயே மேசையில் இரண்டு பேர், இரண்டாவது டர்னில் கோடாரி. எனக்கு இருப்பது 30 உயிர். நாலாவது டர்னில் பாதிக்குக் கீழே போயிருக்கும்.

என் பக்கம் மருந்து ஒன்றுதான்: ரெனோ ஜாக்சன். டெக்கில் ஒரே கார்டு இரண்டு முறை இல்லாதிருந்தால், 6 மனாவுக்கு உயிர் முழுவதையும் திருப்பிக் கொடுப்பார். ஆனால் 30 கார்டில் அவர் ஒருவர். முதலில் ஆடுகிறவர் கையில் வந்த மூன்று கார்டையும் மாற்றினாலும், கூடுதலாகக் கார்டு எடுக்காத வரை, ஆறாவது டர்னுக்குள் ரெனோ வர வாய்ப்பு சுமார் 38 சதவீதம். ஒருநாள் ரயிலில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். வார்லாக் என்பதால் உயிரைக் கொடுத்துக் கார்டு எடுக்கலாம். ஆனால் எதிரில் இருப்பவன் எடுக்கப் பார்ப்பதும் அந்த உயிரைத்தான்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு யார் ஜெயித்தது என்று குறித்து வந்தோம். பொங்கல் விடுமுறைக்கு முன் எண்ணிப் பார்த்தால் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இதைவிடச் சமமான ஆட்டம் கிடையாது. ஆனால் எங்கள் இரண்டு பேருக்குமே அலுத்துப்போயிருந்தது. ரெனோ வந்தால் நான், வராவிட்டால் அவன். முதல் டர்னுக்குக் கட்டைவிரலை வைக்கும்போதே பாதி ஆட்டம் தீர்மானமாகியிருக்கும்.

அன்றிலிருந்து நான் சமநிலை என்பதை வெற்றி சதவீதத்தை வைத்துப் பார்ப்பதில்லை. தோற்ற பிறகு, "இந்த டர்னில் இதைச் செய்திருந்தால் பிழைத்திருப்பேன்" என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறதா? முடிந்தால் அந்த எக்ஸ்பான்ஷன் நன்றாக இருக்கிறது. அக்ரோ நாலாவது டர்னில் முடித்தாலும் பரவாயில்லை, கண்ட்ரோல் நாற்பது நிமிடம் இழுத்தாலும் பரவாயில்லை.

2017 பிப்ரவரியில் பக்கனீரின் உயிரை 2-இலிருந்து 1 ஆக்கினார்கள். கேட்க ஒன்றுமில்லாதது போலத் தெரியும். ஆனால் அந்த ஒரு புள்ளியால், மேஜ், ரோக், ட்ரூயிட் போன்றவர்கள் தங்கள் ஹீரோ பவரை (டர்னுக்கு ஒருமுறை போடும் வகுப்புச் சக்தியை) வைத்தே அதைக் கொல்ல முடிந்தது. பேட்சஸ் வந்த கையோடு அடிப்பதை எடுக்க இன்னும் ஒரு வருடம் ஆயிற்று, 2018 பிப்ரவரி. அதற்குள் நண்பனும் நானும் கல்லூரியை முடித்துவிட்டோம். நோட்டு மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது.

மன்னார்குடியிலிருந்து

தம்பி சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அக்ரோ ஆடுகிறவன் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். நான் ஆரம்பத்திலிருந்தே அக்ரோதான்.

முதல் காரணம் காசு. இந்த விளையாட்டில் ஒரு காமன் கார்டை உருவாக்க 40 டஸ்ட் (கார்டு செய்யும் பொடி), ரேர் 100, எபிக் 400, லெஜெண்டரி 1600. கண்ட்ரோல் டெக் என்றால் லெஜெண்டரியும் எபிக்கும் குவிய வேண்டும். அக்ரோவில் முக்கால்வாசி காமனும் ரேரும்தான். தினமும் கொடுக்கும் வேலையை முடித்து, 100 தங்கம் சேர்த்து ஒரு பேக் வாங்கி, அதில் வரும் ஐந்து கார்டைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தவன் நான். என்னைப் போன்றவர்கள் லேடரில் (தரவரிசையில்) ஏறுவதற்கு இருந்த ஒரே படி இந்த டெக்குகள்தான். "அக்ரோவை ஒழித்துக்கட்டு" என்று எழுதுகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் நேரம். எங்களுக்கு உரக்கடை. நடவு நாட்களில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போலக் கிடைப்பதே பெரிது.

மூன்றாவதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அக்ரோவை யோசிக்காமல் ஆடலாம் என்பது தவறு. 2019 கோடையில் ஒரு ஆட்டம். நான் ஜூ வார்லாக், எல்லாம் சின்னச் சின்ன மினியன்கள் (மேசையில் இறக்கும் ஆட்கள்). எதிரில் கண்ட்ரோல் வாரியர். அவர்களிடம் ப்ரால் என்று ஒன்று உண்டு. 5 மனா, மேசையில் இருக்கும் அத்தனையும் சாகும், குத்துமதிப்பாக ஒன்று மட்டும் பிழைக்கும். நாலாவது டர்னில் என் கையில் இருந்ததை எல்லாம் இறக்கியிருக்கலாம். இரண்டை வைத்துக்கொண்டேன். இறக்கியிருந்தால் அந்த டர்னில் கூடுதலாக நாலு அடி. வைத்துக்கொண்டால் ப்ராலுக்குப் பிறகும் ஆட்டம் இருக்கும். ஐந்தாவது டர்னில் ப்ரால் வந்தது. வைத்திருந்த இரண்டையும் இறக்கினேன். மறுபடி அவர் உயிரைப் பதினொன்றுக்குக் கொண்டுவந்தேன்.

அப்புறம்தான் ஏழாவது டர்னில் டாக்டர் பூம், மேட் ஜீனியஸ் இறங்கினார். வந்ததும் ஏழு கவசம், ஒவ்வொரு டர்னும் ஒரு புதுப் பவர், அவருடைய மெக் (இயந்திர மினியன்) எல்லாமே இறங்கிய டர்னிலேயே மினியன்களை அடிக்கும். அதற்குப் பிறகு அவருக்குப் பதில் தீர்ந்துபோவதே இல்லை. எனக்குக் கேள்வி தீர்ந்துபோயிற்று. நடுவில் கடைக்கு லோடு வந்துவிட்டது. ஒரு டர்னுக்கு 75 நொடிதான். மூட்டை எண்ணிவிட்டு வருவதற்குள் இரண்டு டர்ன் போயிருந்தது. அந்த இரண்டு டர்ன் இருந்திருந்தாலும் தோற்றிருப்பேன் என்பதுதான் உண்மை.

ப்ராலிடம் எனக்கு வருத்தமே இல்லை. அது வரும் என்று தெரியும், அதற்கு ஏற்ப ஆடலாம். அந்த டாக்டர் பூமுக்கு ஏற்ப ஆட ஒன்றுமில்லை, அதற்கு முன்னால் முடித்தால் உண்டு. 2019 ஆகஸ்டில் அதை 7 மனாவிலிருந்து 9 ஆக்கினார்கள். எனக்குக் கூடுதலாக இரண்டு டர்ன். ஜூவுக்கு இரண்டு டர்ன் என்பது பெரிய நிலம்.

பட்டுக்கோட்டையிலிருந்து

என் கதை சின்னது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல். தென்னை எல்லாம் படுத்துவிட்டது. கரண்ட் வரப் பல நாள் ஆயிற்று. தெருவில் ஒருவர் ஜெனரேட்டர் வைத்து போன் சார்ஜ் போட்டுக் கொடுத்தார். அந்த சார்ஜில் உறவுக்காரர்களுக்குப் பேச வேண்டும், நிவாரணம் பற்றிக் கேட்க வேண்டும். விளையாட்டு நினைப்பே இல்லை.

டிசம்பர் நடுவில் வாழ்க்கை கொஞ்சம் திரும்பியது. இரவில் கொஞ்ச நேரம் மனதை வேறெங்காவது வைக்க வேண்டும்போல இருந்தது. அதுவரை நான் கண்ட்ரோல் ஆள். ஆனால் போனில் இருபது சதவீதம்தான் இருக்கும், நீண்ட ஆட்டம் தாங்காது. அதனால் ஆட் (ஒற்றைப்படை) பாலடினுக்கு மாறினேன். பாக்கு என்ற கார்டை வைத்து, டெக்கில் ஒற்றைப்படை மனா கார்டுகள் மட்டுமே இருந்தால், ஹீரோ பவரில் ஒன்றுக்குப் பதில் இரண்டு வீரர்கள் வருவார்கள். மேசை நிறைந்ததும் லெவல் அப் போட்டு எல்லோரையும் பெரிதாக்கி முடித்துவிடலாம்.

நான் பழகிய வாரத்திலேயே லெவல் அப் 5 மனாவிலிருந்து 6 ஆயிற்று. 6 இரட்டைப்படை. என் டெக்கில் அதை வைக்கவே முடியாது. கார்டின் வேலையில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல், எண்ணை மட்டும் ஒன்று கூட்டி, அந்த டெக்கை விட்டே வெளியே அனுப்பிவிட்டார்கள். எனக்கு இழப்புதான். ஆனாலும் இவ்வளவு சுருக்கமான திருத்தத்தை நான் பார்த்ததில்லை. டெக் சாகவில்லை, மெதுவாயிற்று. ஒற்றை, இரட்டை என்று டெக்கைக் கட்டவைத்த பாக்கு, ஜென் கார்டுகள் இரண்டையுமே 2019 ஏப்ரலில், ஒரு வருடம் முன்னதாகவே ஸ்டாண்டர்டிலிருந்து (புதிய எக்ஸ்பான்ஷன்களை மட்டும் வைத்து ஆடும் முறையிலிருந்து) எடுத்துவிட்டார்கள்.

மயிலாடுதுறையிலிருந்து

நான் பள்ளி ஆசிரியை. 2020 ஏப்ரலில் ஊரடங்கு, பள்ளி மூடியிருந்தது. ஆஷஸ் ஆஃப் அவுட்லேண்ட் வந்த அன்றைக்கே ஆடினேன். டீமன் ஹண்டர் என்று புது வகுப்பு. மற்றவர்களுக்கு ஹீரோ பவர் 2 மனா, இவருக்கு 1. முதல் டர்னிலிருந்து அடி விழும். அன்று நான் ஆடிய ஆட்டங்களில் எதிரில் வந்தவர் பெரும்பாலும் அவர்தான். நான் கண்ட்ரோல் ப்ரீஸ்ட். ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. மறுநாளே நாலு கார்டுகளைத் திருத்தினார்கள். ஸ்கல் ஆஃப் குல்டான் 5-இலிருந்து 6 ஆனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

எக்ஸ்பான்ஷன் வந்த முதல் வாரத்தில் அக்ரோ ஆடுவதும், கொஞ்ச நாள் போனதும் கண்ட்ரோல் தலைதூக்குவதும் ஏறக்குறைய எப்போதும் நடப்பதுதான். கண்ட்ரோல் என்பது பதில் எழுதுகிற வேலை. கேள்வித்தாள் எப்படி வரும் என்று தெரிந்தால்தான் எதைப் படிப்பது என்று தெரியும். சின்ன மினியன்கள் நிறைய வருமா, பெரிதாக ஒன்று வருமா, மேசையையே தொடாமல் மந்திரத்தால் கொல்வார்களா என்பதே தெரியாத வாரத்தில் எந்தப் பதிலை டெக்கில் வைப்பது? அக்ரோவுக்கு அந்தக் கவலை இல்லை. எதிரில் யாராக இருந்தாலும் 30 உயிர்தான். ஒவ்வொரு வருடமும் மார்ச், ஏப்ரல் வாக்கில் பழைய எக்ஸ்பான்ஷன்கள் ஸ்டாண்டர்டிலிருந்து போய்விடும், அவற்றோடு பழைய பதில்களும் போய்விடும். அதனால் வருட ஆரம்பம் இன்னும் மோசம்.

என்னை யோசிக்கவைத்தது எங்கள் அப்பாயி. ஊரடங்கில் திண்ணையில் சுண்ணாம்புக் கட்டியால் ஆடுபுலிக் கட்டம் வரைந்து, என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். புலிக்கு மூன்று கூழாங்கல், ஆட்டுக்குப் பதினைந்து புளியங்கொட்டை. ஆடு ஒவ்வொன்றாக இறங்கும். பதினைந்தும் இறங்கும் வரை இறங்கிய ஆடு நகரக் கூடாது. புலிக்கு அந்தத் தடை இல்லை, கட்டத்தில் வந்துவிட்டால் பாய்ந்து தின்னலாம். எல்லா ஆடும் இறங்கிய பின் புலியை மடக்கிவிடலாம். அதற்குள் எத்தனை ஆடு போகிறது என்பதுதான் ஆட்டமே.

இது அக்ரோவும் கண்ட்ரோலும்தான். மகள் புலியிடம் ஆடாகத் தோற்றுக்கொண்டே இருந்தாள். அப்பாயி, "ஆட்டை வைக்கிறதுக்கு முன்னாடி அதுக்குப் பின்னாடி காலி இருக்கான்னு பாரு. காலி இருந்தா புலி தாண்டும்" என்றார். அதோடு, "சின்னப்புள்ள, ரெண்டு ஆடு சேத்து வெச்சுக்கட்டும்" என்று இரண்டு புளியங்கொட்டையையும் கொடுத்தார். பத்து நாளில் அவள் தேறியதும் அந்த இரண்டையும் திருப்பி வாங்கிக்கொண்டார். புலியின் பாய்ச்சலை அவர் தொடவே இல்லை. பாயாத புலியோடு யார் ஆடுவார்கள்?

கண்ட்ரோல் ஆடுகிற நான் அக்ரோவை வெட்டச் சொல்வதை அன்றோடு விட்டேன். மெதுவான டெக்குக்கு முதல் நாலு டர்னில் செய்ய ஏதாவது இருக்க வேண்டும், அதுதான் என் கோரிக்கை. ரூனெட்டெராவில் செலவழிக்காத மனாவில் 3 வரை அடுத்த டர்னுக்கு மந்திரம் போடச் சேர்த்துவைக்கலாம். கையைக் கட்டிக்கொண்டு கடத்தும் டர்னும் வீணாகாது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது.

திருத்துறைப்பூண்டியிலிருந்து

அக்கா ஆட்டைச் சொன்னார், நான் நெல்லைச் சொல்கிறேன். 2022-இல் மேட்டூரை ஜூன் 12 வரை காத்திருக்காமல் மே 24-லேயே திறந்துவிட்டார்கள். குறுவை நடவு சீக்கிரமே முடிந்தது. ராத்திரியில் ஆட நேரம் கிடைத்தது. அந்தச் சமயத்தில்தான், ஆகஸ்ட் எக்ஸ்பான்ஷனுக்கு முன்னாலேயே, பிரின்ஸ் ரெனதால் என்ற கார்டை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். டெக்கில் வைத்தால் 30 கார்டுக்குப் பதில் 40 கார்டு, 30 உயிருக்குப் பதில் 40 உயிர்.

அக்ரோ என்பது குறுவைதான். நூற்றுப்பத்து நாளில் அறுத்துவிட வேண்டும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கதிர் வயலிலேயே முளைத்துவிடும். சம்பா ஐந்து மாதம் நிற்கும், மழையை வாங்கிக்கொண்டே வளரும். ரெனதால் செய்தது என்னவென்றால், குறுவைக்காரனுக்கு அறுக்க வேண்டிய பரப்பைக் கூட்டிவிட்டு, மழை வரும் தேதியை அப்படியே விட்டுவிட்டது. மினியன்களை விட்டுவிட்டு எதிராளியின் முகத்தையே, அதாவது உயிரையே, அடிக்கும் ஃபேஸ் ஹண்டர் டெக் நான் ஆடியது; அதில் 30 அடிக்குத்தான் கணக்கு இருந்தது. பத்து அடிக்கு மருந்து இல்லாமல் கை காலியாக உட்கார்ந்த ஆட்டங்கள் எத்தனையோ. கடைசியில் நானும் ரெனதாலை வைத்து மெதுவான டெக்குக்குப் போனேன். போன எல்லோரும் அதையே ஆடினார்கள். எதிரிலும் நாற்பது, என்னிடமும் நாற்பது. ஒரு ஆட்டம் முடிவதற்குள் பம்புசெட்டு வரை போய்வந்துவிடலாம்.

பிறகு உயிரை 35 ஆகக் குறைத்தார்கள். அந்த ஐந்து எனக்குப் போதுமானதாக இருந்தது. கார்டுக்காரர்கள் 30-க்கும் 40-க்கும் நடுவில் வந்து நின்றதைப் பார்த்தபோது, வயதான விவசாயி வரப்பை நகர்த்துவதுபோல இருந்தது. ஒரே நாளில் மொத்தத்தையும் மாற்றவில்லை.

நாகப்பட்டினத்திலிருந்து

நான் இப்போது மார்வெல் ஸ்நாப் மட்டும்தான். 12 கார்டு, 6 டர்ன். எனக்குப் பிடித்தது பின்வாங்கும் வசதி. எங்கள் வீட்டில் ரம்மியில் கை சரியில்லை என்றால் முதலிலேயே ஸ்கூட், 20 புள்ளியோடு போகும். அடம்பிடித்து உட்கார்ந்தால் 80. இங்கேயும் சீக்கிரம் விலகினால் இழப்பு குறைவு. வேகமான டெக்கிடம் மாட்டிய ஆட்டத்தில் முழு விலையும் கொடுக்க வேண்டியதில்லை. தோல்வி குறைவாக வலித்தால் அக்ரோ மேல் கோபமும் குறைகிறது, என் அனுபவத்தில்.

மறுபடி கும்பகோணத்திலிருந்து

எல்லோருக்கும் நன்றி. மன்னார்குடி அண்ணன் தனியாகச் செய்தி அனுப்பி, "வா தம்பி, டெக்கை மாற்றி ஆடிப் பார்ப்போம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை கடை மூடிய பிறகு, பழைய கார்டுகளையும் வைத்து ஆடும் வைல்டில் நண்பர் ஆட்டம். நான் பைரேட் வாரியர், அவர் ரெனோ வார்லாக். இத்தனை வருடத்தில் நான் அந்தப் பக்கம் உட்கார்ந்தது இதுதான் முதல்முறை.

ஐந்தாவது டர்ன். அவருக்கு 12 உயிர். மேசையில் என் ஆட்களின் அடி 4. கையில் ஆர்கனைட் ரீப்பர் என்ற ஆயுதம், 5 மனா, 5 அடி. எடுத்தால் மனா மொத்தமும் போய்விடும். எடுக்காமல் இன்னும் இரண்டு பேரை இறக்கினால், ஹெல்ஃபயர் வந்து எல்லோரும் போகலாம். அப்போதுதான் ஒன்று தோன்றியது. ஹெல்ஃபயர் எல்லோருக்கும் 3 அடி, போடுகிறவருக்கும் சேர்த்து. நான் ரீப்பரை எடுத்து முகத்தில் அடித்தால் அவர் சரியாக 3-க்கு வருவார். அப்புறம் அவரால் ஹெல்ஃபயரைத் தொட முடியாது. அடித்தேன்.

ரெனோ இறங்கினார். மீண்டும் 30. ஒன்பதாவது டர்னில் நான் தோற்றேன்.

ஆட்டம் முடிந்ததும் பின்னோக்கிப் பார்த்தேன். மூன்றாவது டர்னில் அவருடைய சின்ன மினியன் ஒன்றைக் கோடாரியால் வெட்டியிருந்தேன், 3 அடி. பழைய கண்ட்ரோல் பழக்கம், மேசையில் எதிராளியின் ஆள் நின்றால் கை சும்மா இருக்காது. அந்த 3 முகத்துக்குப் போயிருந்தால் ஐந்தாவது டர்னிலேயே அவர் முடிந்திருப்பார், ரெனோ கையிலேயே இருந்திருப்பார். அண்ணனுக்குப் போன் போட்டு இதைச் சொன்னேன். "அந்த நோட்டுல எழுதி வெச்சுக்க தம்பி" என்றார். கடைசிப் பக்கத்தில் இடமில்லை. அட்டையின் உள்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.